பழைய வண்டி வாங்கலாமா?



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, தலைமை ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தகைய ஒருவன் வானொலியில் பேச வந்தால் ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயற்கையே. நான் பேசப் போவதோ ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி. ஆனால் கேட்டு முடிக்கும்போது, ஒழுக்கமும் தேர்வும் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

நான் வாழும் ஊர் புதுவாயல். சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கவரைப்பேட்டையை அடுத்து உள்ளது. மேற்கே பிரியும் சாலை ஆரணி வழியாகப் பெரியபாளையம் செல்கிறது. பட்டுக்குப் பெயர் பெற்ற ஆரணி வேறு. இது நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. வடக்கே சிறிது தூரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. எங்கள் ஊர் வழியாக இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சாலையைக் கடக்க நிற்பவன் காலடியில் நிலம் அதிர்வதை உணர்வான்.

என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் படிப்பை முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். போகவர நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். படிக்கும் காலத்திலேயே சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணமும், முதற் சில மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்ததுமாக அவனிடம் தொண்ணூறாயிரம் ரூபாய் இருந்தது. “தாத்தா, வண்டி வாங்கப் போகிறேன். கடன் வாங்காமல் வாங்க வேண்டுமென்றால் பழைய வண்டிதான். உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1987-ஆம் ஆண்டு. ஆசிரியர் வேலையில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைமாறி வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். புதிதாகப் பூசிய வண்ணம் பளபளத்தது. மீட்டர் பதினாலாயிரம் கிலோமீட்டர் என்று காட்டியது. “இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி கிடைப்பது அரிது” என்று விற்றவர் சொன்னார். நான் அந்த எண்ணைப் பார்த்தேன், வண்ணத்தைப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. இரண்டு திங்கள் சென்றபின் ஓரிரவு, கடுங்காய்ச்சலில் இருந்த என் தந்தையாரைப் பின்னே அமர்த்திப் பொன்னேரி மருத்துவமனைக்கு விரைந்தேன். பாதி வழியில் எஞ்சின் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. பிஸ்டன் உருளைக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக்குகள் இதனைச் ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்கள். இருட்டில், என் தோளில் சாய்ந்தபடி என் தந்தையார் நின்றதை இன்றும் நான் மறக்கவில்லை. வைக்கோல் ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களை ஏற்றிச் சென்றார். தந்தையார் பிழைத்தார். வண்டி பிழைக்கவில்லை. அதைப் பழுது பார்க்க முனைந்தபோதுதான் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் விற்றவருடையது அன்று, மூன்றாம் ஒருவருடையது என்பதும், அவர் பெற்ற தவணைக் கடன் தீரவில்லை என்பதும் தெரிய வந்தன. கடன் கொடுத்தவர்கள் வந்து வண்டியை எடுத்துச் சென்றார்கள்.

நான் ஏமாற்றப்பட்டேன் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் எண்ணிப் பார்க்கையில், பாதி ஏமாற்றத்தை நானே எனக்குச் செய்துகொண்டேன் என்று தெளிந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காதவன் யாரை நோவது?

ஆதலால் பேரனிடம், “மூன்று கேள்விகள் கேட்போம். வண்டி எப்படிப்பட்டது? அதன் ஆவணங்கள் எப்படிப்பட்டவை? அந்த வண்டி உன் தேவைக்கு ஏற்றதா? மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை பணப்பையைத் திறவாதே” என்றேன்.

முதலில் அவன் என்னைப் பழைய வண்டிகள் விற்கும் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றான். அங்கே அவன் மனத்தைக் கவர்ந்த வண்டி 2021-ஆம் ஆண்டுப் பதிவு. மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தார்கள்.

நேயர்களே, நம் உழவர்கள் சந்தையில் மாடு பிடிக்கும்போது என்ன செய்வார்கள்? கொம்பில் பூசிய வண்ணத்தையா பார்ப்பார்கள்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடத்திப் பார்ப்பார்கள். வண்டிக்கும் பல் உண்டு. காலை ஊன்றும் கட்டையின் ரப்பர், பிரேக் மிதியின் விளிம்பு, கியர் நெம்பின் முனை, கைப்பிடி உறை ஆகியவையே அதன் பற்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மனிதனின் காலும் கையும் ஆயிரம் ஆயிரம் முறை பட்ட இடம் தேயாமல் இருக்குமா? மீட்டரை மாற்றுகிறவன் இவற்றை மாற்ற மறந்துவிடுவான்.

அந்த வண்டியின் பிரேக் மிதி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கால்கட்டை ரப்பரின் கோடுகள் மறைந்திருந்தன. பின் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைப் படித்தேன். டயர் உருவான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை அவை. முதலிரண்டு இலக்கங்கள் வாரம், பின்னிரண்டு ஆண்டு. அங்கே 0825 என்றிருந்தது. அதாவது 2025-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். ஒன்பதாயிரம் கிலோமீட்டரே ஓடிய வண்டிக்குப் பின் டயர் மாற்ற வேண்டிய தேவை என்ன? ஆணி குத்திக் கிழிந்திருக்கலாம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்போது, நான்காவதாக நிற்கும் மீட்டரை மட்டும் எப்படி நம்புவது? பெயர் மாற்றம் பற்றிக் கேட்டேன். “உரிமையாளர் கையெழுத்திட்ட படிவங்கள் எங்களிடம் உள்ளன, பிறகு மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்” என்றார்கள். 1987 என் கண்முன் வந்து நின்றது. பேரனின் கையைப் பற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகுதான் எங்கள் தெருக்கோடியில் வாழும் முதியவர் ஒருவர் தம் வண்டியை விற்க எண்ணியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து 2008-இல் ஓய்வு பெற்றவர். வண்டி 1998-ஆம் ஆண்டுப் புல்லட். கிக்கரை உதைக்க முழங்கால் இடம் கொடுக்காததால் விற்கிறார்.

புல்லட்டின் வரலாறு நம் மாவட்டத்தின் வாசலிலேயே எழுதப்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் உருவாக்கிய வண்டி இது. 1949 முதல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அதை இங்கே இறக்கி விற்றது. எல்லைக் காவலுக்கு ஏற்றதென்று நம் இராணுவம் இவ்வண்டியைத் தேர்ந்தது. 1955-இல் இரு நிறுவனங்களும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இறக்குமதியான பாகங்களைப் பூட்டினார்கள்; பின்னர்ப் பாகங்கள் எல்லாவற்றையும் இங்கேயே வார்த்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. 1994-இல் ஐஷர் நிறுவனம் இதனை ஏற்றது. வார்ப்பிரும்பு உருளை கொண்ட பழைய எஞ்சின், 2010-ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய எஞ்சினுக்கு இடம் விட்டு விலகியது. எங்கள் முதியவரின் வண்டி அந்தப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தது.

கணக்குப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. அந்த எஞ்சினில் உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். ஏறக்குறைய 346 கன சென்டிமீட்டர் வரும். ‘முந்நூற்றைம்பது’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இன்னும் ஒன்று. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஏறவும் இறங்கவும் 180 மில்லிமீட்டர் செல்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒரே நிமிடத்தில் அது 540 மீட்டர் உராய்ந்து செல்கிறது. இடையே இருப்பது ஆயிலின் மெல்லிய படலம் ஒன்றே. ஆயிலை உரிய காலத்தில் மாற்றினானா என்பதே வண்டியை வைத்திருந்தவனைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

முதியவர் வீட்டுக்குச் சென்றோம். பேரன் மீட்டரைப் பார்த்தான். 12,400 என்றிருந்தது. “இருபத்தேழு ஆண்டு வண்டி, பன்னிரண்டாயிரம்தானா!” என்று வியந்தான். முதியவர் சிரித்தார்.

“தம்பி, அந்த மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 முடிந்தால் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். அதற்கு முன்னால் ஓர் ஒன்று போட்டுக்கொள். வண்டி ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது” என்றார்.

எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது என்றால் அது மிகையாகும். ஆயினும், பாதிக் கதவு அப்போதே திறந்துவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விலை ஏறியிருக்கும். மீட்டர் காட்டாத அந்த ஓர் இலக்கத்தை அவராகவே சொன்னார்.

பிறகு உள்ளே சென்று மூன்று நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுகள்தாம். 1998 முதல் வண்டிக்குச் செய்த ஒவ்வொன்றையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதியிருந்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எஞ்சின் ஆயில், செயின் மாற்றியது, கிளட்ச் தட்டு மாற்றியது, மீட்டர் கேபிள் இரண்டு முறை அறுந்தது, அந்த நாட்களில் ஓடியது தோராயமாக 600 கிலோமீட்டர் என்பதுகூட இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரே இரவில் உட்கார்ந்து எழுதிய நோட்டையும், நாள்தோறும் எழுதி வந்த நோட்டையும் மையின் நிறமே பிரித்துக் காட்டிவிடும். இது நாள்தோறும் எழுதியது.

அந்த நோட்டிலிருந்து இரண்டு செய்திகள் கிடைத்தன. முதலாவது, 81,000 கிலோமீட்டரில் உருளையைப் போர் போட்டு, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் மாற்றியிருந்தார். ஆகவே வண்டியின் வயது இலட்சத்துக்கு மேல் என்றாலும், பிஸ்டனின் வயது முப்பத்தோராயிரம்தான். ஓடிய தூரத்தைக் கேட்பவன், எந்தப் பாகம் எவ்வளவு ஓடியது என்று கேட்க வேண்டும். வண்டி என்பது ஒரு பொருளன்று. வெவ்வேறு வயதுடைய பல பாகங்களின் கூட்டுக் குடும்பம்.

இரண்டாவது செய்தி அவ்வளவு இனிமையானதன்று. வேலைக்குச் சென்ற பத்து ஆண்டுகளில், நாள்தோறும் நாற்பது கிலோமீட்டராக, ஓர் இலட்சம் ஓடியிருந்தது. அவர் ஓய்வு பெற்ற பின் பதினேழு ஆண்டுகளில் ஓடியது பன்னிரண்டாயிரமே. பலர் இதை நன்மை என்று எண்ணுவார்கள். ஒரே சீராக நெடுந்தூரம் ஓடும் எஞ்சின் நன்கு சூடேறி, தன்னுள் தேங்கும் ஈரத்தை ஆவியாக்கிவிடும். நின்றே கிடக்கும் வண்டிக்கு வேறுவகைக் கேடு உண்டு. ரப்பர் இறுகி வெடிக்கும். பெட்ரோல் தொட்டியில் துரு ஏறும். இன்னொன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். இந்தக் கலப்பு வருமுன் செய்த வண்டியில் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றுவதும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வையாமல் ஓட்டுவதும் அறிவுடைமை.

முதியவர் குறைகளையும் சொன்னார். இரண்டாவது கியர் சிற்சில வேளை நழுவும். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது. டேப்பெட் மூடியின் அருகே ஆயில் கசியும். ஆயினும் தீர விசாரிப்பதே மெய் என்றபடி, நான் சோதனையைக் கைவிடவில்லை. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்தபின் நம்புக என்பதே அதன் கருத்து. நல்லவரை ஆராய்வது அவரை அவமதிப்பது ஆகாது. நம் நம்பிக்கைக்கு வேர் தேடுவதே ஆகும்.

மறுநாள் விடியற்காலையில், சொல்லாமலே சென்றோம். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் எளிதில் கிளம்பும். ஆகவே முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது குளிர்ந்திருந்தது. இரண்டாவது உதையில் கிளம்பியது. புகையைப் பார்த்தோம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. காலைக் குளிரில் தோன்றிச் சற்றில் மறையும் வெண்மை நீராவியே. எங்களுக்குத் தெரிந்தது அந்த வெண்மை மட்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து, விற்பவரை அறியாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து வந்திருந்தேன். அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். காய்ந்த செங்கல்லின் இளநிறம். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தார். முதியவர் சொன்ன புஷ்ஷின் ஆட்டம் தெரிந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை மெல்லத் திருப்பினார். நடுவில் எங்கும் சிக்கவில்லை. “சார், அந்த ஐயா சொன்னதற்கு மேல் வண்டியில் குறை இல்லை, சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை” என்றார்.

இனி இரண்டாவது கேள்வி, ஆவணம். சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1998-இல் பதிவான இவ்வண்டி 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டு, 2028 வரை செல்லும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். கடன் குறிப்பு இல்லை. காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தன.

பெயர் மாற்றத்தை ஏன் வற்புறுத்துகிறேன்? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்குக் கெடு 30 நாட்கள். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பல நாள் ஆனபின், எங்கோ நடந்த விபத்துக்கு அந்த முதியவர் நீதிமன்றம் ஏற நேரலாம். ஆகவே பெயர் மாற்றம் வாங்குபவனின் காப்பு மட்டும் அன்று. விற்றவருக்கு அவன் செலுத்தும் கடமையுமாகும்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. வண்டி நல்லது, விற்பவர் நல்லவர், ஆயினும் பேரனின் தேவைக்கு ஏற்றதா? இங்கேதான் நாங்கள் இருவரும் இரண்டு இரவுகள் வாதாடினோம்.

முதலில் செலவு. மாதம் 25 நாள், நாளுக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 6,000. புல்லட் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் என்று கொண்டால் 200 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 60 தரும் சிறிய வண்டிக்கு 100 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல். முதியவர் கேட்ட விலை எழுபதாயிரம். அந்த விலையோடு கணக்கு முடிந்ததென்று எண்ணக்கூடாது. ஆண்டுதோறும் தொடரும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிது உயிர். அந்தப் பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் மாறானது. நண்பர்களின் வண்டிகளை ஓட்டிப் பழகிய பேரனின் கால், இடர் நேரும்போது பழைய பழக்கத்தின்படியே வலப்பக்கம் மிதிக்கும். அங்கே இருப்பது கியர்! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். ஒரு நொடித் தடுமாற்றம் என்றால் 17 மீட்டர் பிரேக்கே இல்லாத ஓட்டம். முன்னே நிற்பது கன்டெய்னர் லாரி. மேலும் வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 1998-ஆம் ஆண்டு வண்டியில் அது ஏது? எவ்வளவு நன்றாகப் பேணினாலும், வண்டி பிறந்த காலத்தில் இல்லாத ஒரு காப்பைப் பேணுதல் கொண்டுவந்துவிடாது.

இவற்றைச் சொல்லி, “வேண்டாம்” என்றே முடித்தேன். பேரன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தாத்தா, கடையில் பார்த்த வண்டியை விட்டுவிட்டு வந்தோம். அதன் ஓட்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இந்த வண்டியின் ஒவ்வொரு குறையும் நமக்குத் தெரியும். தெரிந்த குறைக்கு மருந்து உண்டு என்று நீங்கள்தானே வகுப்பில் சொல்வீர்கள்? கால் பழக்கத்தை மாற்றுவதும் பயிற்சிதானே?” என்றான்.

என் வாய்ச்சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்தான். ஆசிரியனுக்கு இதைவிட இக்கட்டான நிலை வேறில்லை. மகிழ்ச்சியான நிலையும் வேறில்லை. இறுதியில் மூன்று நிபந்தனைகளோடு இசைந்தேன். ஒன்று, முதலில் பெயர் மாற்றம், பிறகே சாவி. இரண்டு, மிச்சமுள்ள இருபதாயிரத்தை எடுத்துச் செலவழிக்காமல், டயர், பிரேக் ஷூ, புஷ், கேபிள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றுக்கே ஒதுக்க வேண்டும். மூன்று, ஒரு மாதம் முழுவதும் ஆரணிச் சாலையின் உட்பகுதியில் விடியற்காலையில் மட்டுமே ஓட்டிப் பழக வேண்டும். அதுவரை வேலைக்குக் கவரைப்பேட்டையிலிருந்து ரயில்தான். பழகியபின்னும், மழை நாளில் ரயில்தான். தலைக்கவசம் பற்றி நான் நிபந்தனை போடவில்லை. சோறு உண்ண வேண்டும் என்று யாராவது நிபந்தனை போடுவார்களா?

ஒரு மாதம் நானே சாலையோரம் நின்று, “நிறுத்து!” என்று திடீரெனக் குரல் கொடுப்பேன். முதல் வாரத்தில் அவன் கால் பத்துக்கு நான்கு முறை தவறியது. நான்காம் வாரத்தில் ஒருமுறையும் தவறவில்லை. அதன் பிறகே பெருஞ்சாலை. ஒதுக்கிய இருபதாயிரத்தில் பதினெட்டாயிரம் செலவாயிற்று. ஒருநாள் கிளட்ச் கேபிள் அறுந்து, தள்ளிக்கொண்டும் வந்தான். பழைய வண்டி வாங்கியவனுக்கு அதுவும் பாடத்திட்டத்தில் உள்ளதே.

சாவியைக் கொடுத்த அன்று முதியவர் மூன்று நோட்டுகளையும் கொடுத்தார். “தம்பி, எழுதி வா. இதை என்றைக்காவது நீ விற்றால், மீட்டரில் இல்லாத அந்த ஒன்றை வாங்குகிறவருக்குச் சொல்லிவிடு” என்றார். அவர் கேட்ட உறுதிமொழி அது ஒன்றுதான். பேரன் அன்றிரவே நான்காவது நோட்டைத் தொடங்கினான்.

மாணவ மாணவியரே, நீங்கள் வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பிறர் பயன்படுத்திய பொருள் ஒன்றை ஒருநாள் வாங்குவீர்கள், ஒருநாள் விற்பீர்கள். வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்காமல், பேணியவரின் கையைப் பாருங்கள். அவர் நல்லவர் என்று தெரிந்தபின்னும் சோதித்துப் பாருங்கள். சோதனையில் தேறிய பொருளாயினும், உங்களுக்கு ஏற்றதா என்று தனியே கேளுங்கள். விற்கும்போது, கேட்பவர் கண்ணுக்குத் தெரியாத இலக்கத்தை நீங்களே சொல்லுங்கள்.